பளபளப்பைப் பார்த்து வாங்காதே

அன்பு மகளுக்கு,

கார் படங்கள் வந்தன. பத்து வருசத்து வண்டிக்கு வெளிப்பக்கம் பரவாயில்லை, டேஷ்போர்டுதான் வெளுத்துக் கிடக்கிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுக்கு திரும்பத் திரும்பப் படிகிறது என்று கேட்டிருந்தாய். அது டேஷ்போர்டிலிருந்தே வருவது பாப்பா. அதன் மேல் போர்த்தியிருப்பது வினைல், அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். தனியாக விட்டால் தண்ணிக் குழாய் மாதிரி விறைத்து நிற்கும். மெத்தென்று இருக்க ஒரு எண்ணெய்ப்பொருளைக் கலக்கிறார்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் அது ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. அது குறையக் குறைய வினைல் இறுகி வெடிக்கும். போன மெதுமையை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

கடையில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் டேஷ்போர்டு பாலிஷைக் கேள். பெரும்பாலும் அது தண்ணீரில் கலந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும், மினுமினுக்காது என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும். எண்ணெய் மாதிரித் தெளிவாக, மண்ணெண்ணெய் வாடையோடு இருந்தால் வைத்துவிட்டு வா. பாலிஷில் சேர்க்கும் சிலிக்கான் என்றாலே கெடுதல் என்பார்கள். எனக்குப் பயம் சிலிக்கானிடம் இல்லை, அதைக் கரைக்கச் சேர்க்கும் பெட்ரோலியச் சரக்கிடம்தான். ஆனால் வண்டியைப் பெயிண்ட் வேலைக்கு விடும் முன் சிலிக்கானைத் தொடாதே, பெயிண்ட் பிடிக்காமல் குழிகுழியாக விழும்.

அம்பாசிடர் ஓட்டிய காலத்தில் நான் தேங்காய் எண்ணெய் தேய்த்தவன். முதலாளி மெச்சினார். மத்தியான வெயிலில் டேஷ்போர்டு அப்படியே கண்ணாடியில் பளிச்சென்று விழுந்து, எதிரே நின்ற மாட்டு வண்டி கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. சாயங்காலத்துக்குள் புழுதி வேறு அப்பிக்கொண்டது.

முதலில் ஈரத்துணியால் அழுக்கை எடு. பிறகு பாலிஷைத் துணியில் அடித்து, ஓரத்தில் ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பூசு. மிச்சத்தை உலர்துணியால் எடுத்துவிடு. ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் படவே கூடாது. கதவு பீடிங்குக்கு, அதாவது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டைக்கு, வாசலினோ சாதாரண கிரீஸோ வேண்டாம், ரப்பர் உப்பிப்போகும். சிலிக்கான் கிரீஸ் ஒரு விரல் நுனி போதும். டிரைவர் பக்க பீடிங் படத்தில் கிழிந்த மாதிரித் தெரிகிறது. கிழிந்திருந்தால் மாற்றிவிடு.

வண்டியை நிழலில் போடு. நிழல் இல்லையென்றால் கண்ணாடிக்குள் ஷேடு மாட்டு. துடைக்க என் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா ஊறுகாய்ப் பார்சலில் வைத்திருக்கிறாள். எண்ணெய் கசிந்திருந்தால் துவைத்துவிட்டு எடு.

அப்பா