செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஆகஸ்ட் முதல் வாரத்துத் தாய்ப்பால் வார நிகழ்ச்சிகளும் மழைக்கால முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. திடீர் சிசு மரணம் பற்றி கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு நடத்திய பயிற்சியைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் அமர்வு சொதப்பல். பொறுப்பு என்னுடையது.

நீடாமங்கலத்தில் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு போட்டேன். ஒரு வயதுக்குள் தூக்கத்தில் இறந்த குழந்தைக்குப் பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தைப் பார்வையிடுதல், மருத்துவ வரலாறு மூன்றும் பார்த்தும் காரணம் பிடிபடாவிட்டால்தான் அந்தப் பெயர். இரண்டு முதல் நான்கு மாதத்தில் அதிகம். எல்லாம் சரியான தகவல்தான். பாதியில் ஒரு செவிலியர் எழுந்து வெளியே போனார். தங்கை பிள்ளையை அப்படிப் பறிகொடுத்தவர் என்பது டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. அடுத்த அமர்விலிருந்து, "யார் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஏன் என்று கேட்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறோம். திண்ணையில் நம் உறுப்பினர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஸ்லைடு பத்தே நிமிடம்.

மிச்ச நேரம் பொம்மைக்கு. பழைய நூல் சேலையில் ஏணை கட்டி, அரிசி அடைத்த துணிப் பொம்மையைப் போட்டோம். முகவாய் நெஞ்சில் முட்டியது; குழந்தையென்றால் மூச்சுப் பாதை மடங்கிவிடும். "எம் மூணு புள்ளையும் இதுலதான் வளந்துச்சு" என்ற அங்கன்வாடி அக்கா, பொம்மையின் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். நிற்கவில்லை. ஏணையே கூடாது என்றால் எந்த வீட்டிலும் எடுபடாது. அழுகை அடங்கி கண் அசந்ததும் கெட்டியான சமதள விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம் என்றோம்.

"மல்லாக்கப் போட்டா புரையேறாதா சிஸ்டர்?" இந்தக் கேள்வி வராத ஊர் இல்லை. இரண்டு ரப்பர் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினேன். மல்லாந்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் கீழேதான் இறங்கும். குப்புறப் படுத்தால் நேர்மாறு. 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த அமெரிக்காவில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

கவலை வேறிடத்தில். தேசியத் திட்டப்படி பச்சிளங்குழந்தைக்கான வீட்டுச் சந்திப்பு 42ஆம் நாளோடு முடிகிறது. அடுத்தது மூன்றாம் மாதம். ஆபத்து ஏறும் நேரம் சரியாக அந்த இடைவெளியில். போதாக்குறைக்கு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைப் புகுந்த வீட்டில் கொண்டுவிடுகிறோம்; அங்கே வேறு செவிலியர், வேறு பாட்டி. 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போதே "எங்கே, எப்படித் தூங்குகிறது?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

அந்த வாரங்களில்தான் பழியும் வருகிறது. இழவு வீட்டில் பேசுவதை நடித்துப் பார்த்தபோது, பாட்டியாக நடித்தவர் "ஊசி போட்டதுலதான போச்சு" என்று கத்த, செவிலியர் வாயடைத்து நின்றார். தடுப்பூசி இதற்குக் காரணமில்லை என்பது ஆய்வுகளில் உறுதியானதுதான். அந்த நேரத்தில் அதை வாதாடக் கூடாது. தாயிடம் "என்ன செஞ்சே?" என்று கேட்கவும் கூடாது, இறந்தது பெண் குழந்தையென்றால் அந்தக் கேள்வியே பாதி குற்றச்சாட்டு. உட்காருங்கள், குழந்தையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பரிசோதனை முடிவதற்குள் காரணம் சொல்லாதீர்கள். இதை மூன்று முறை நடித்த பிறகே சிலருக்கு வாய் வந்தது.

குடவாசல் அமர்வை அக்டோபர் கடைசியில் வைத்தது தப்பு. பாதிப் பேர் மழை முகாம் வேலையில். வரும் ஆண்டு தைக்குப் பிறகு வைக்கலாம்.

பொம்மைக்குள் இருந்த அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. ஆற்று மணலுக்கு மாற்றியாயிற்று, செலவில்லை. மற்ற வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.