ஆதரவா, எதிர்ப்பா?

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆகஸ்டில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. கண்ணம்மா டீச்சர் இன்னும் உன் இட்லிக் கணக்கைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார் அல்லவா, மறுநாளே ஒரு சேனலிலிருந்து போன். சாயங்கால விவாதத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமாம். எடுத்த எடுப்பில், "நீங்க ஆதரவா, எதிர்ப்பா சார்?" அந்தக் கொள்கையில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது நல்லது, பிள்ளைகள் மூச்சுவிடுவார்கள் என்றேன். ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வு வந்ததே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் நேரே பிளஸ் டூவுக்குத் தாவியதால்தான். அந்தப் பழக்கம் திரும்பினால் யார் கேட்பது என்றும் சொன்னேன். "கூப்பிடுறோம் சார்" என்று வைத்தவர்கள்தான்.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் இருமொழி, மும்மொழி, டெல்லி, கோட்டை. மொழிப் பிரச்சினை சின்னது என்று சொல்ல வரவில்லை. அதில் என் பக்கம் எது என்று உனக்குத் தெரியும். ஆனால் பிளஸ் ஒன் என்ற பேச்சு ஒருவர் வாயிலும் வரவில்லை சேகர். வயிறு எரிந்தது.

2011 மறந்திருக்க மாட்டாய். ஆட்சி மாறியதும், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே பாடப்புத்தகம் என்ற சமச்சீர் கல்வியை நிறுத்தி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9இல் தீர்ப்பு வரும்வரை நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்சிச் சேனலில் அந்தப் புத்தகம் சமூக நீதி, இன்னொன்றில் கட்சிப் பிரச்சாரம். உள்ளே கணக்கும் அறிவியலும் எப்படி இருக்கின்றன என்று எவரும் புரட்டிக் காட்டவில்லை. நம் ஸ்டாஃப் ரூமே இரண்டாகி, நீயும் நானும் நான்கு நாள் பேசவில்லை. கடைசியில் புத்தகம் வந்ததும், பிரச்சாரம் என்று சொன்ன பக்கங்களை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டும் வேலை நமக்கு. நீ ஒட்டியதையெல்லாம் மணி அடிப்பதற்குள் உரித்துப் படித்துவிட்டார்களே பயல்கள்!

எனக்கு ஓர் உதவி செய். உன் ஊர்ப் பள்ளிகளில் இந்த வருஷம் பிளஸ் ஒன் பாடம் உண்மையிலேயே நடக்கிறதா என்று விசாரித்து எழுது. நான் இங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
கதிர்