டியூ-142 விமானத்தில் பறந்தவர்களுக்கும் அதைப் பராமரித்தவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஓய்வுபெற்ற கடற்படையினர் அனைவருக்கும்,

வணக்கம். விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட நம் கடற்படை பயன்படுத்திய உங்கள் டியூ-142 விமானத்தை அண்மையில் என் மாணவர்களோடு போய்ப் பார்த்தேன். அதை ஒட்டி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த விமானத்தில் நீங்கள் செய்த வேலையை எழுதி வையுங்கள். எழுத வராது என்றால் பேசிப் பதிவு செய்யுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நான் அரக்கோணத்துக்காரி, அறிவியல் ஆசிரியை. 1992இல் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் இங்கே தொடங்கப்பட்டபின் கோவாவிலிருந்து டியூ விமானங்கள் எங்கள் ஊருக்கு வந்தன. 2017 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை இங்கிருந்துதான் பறந்தன. ஜெட் விமானத்தின் கிறீச்சென்ற இரைச்சல் அல்ல அது. நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் உறுமல். அது ஏன் அப்படி என்று விசாகப்பட்டினத்தில் மாணவர்களுக்குக் கைநீட்டிக் காட்டினேன். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பிளேடுகள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். முன்னது கிளப்பிவிடும் காற்றுச் சுழலைப் பின்னது வீணாக விடாமல் உந்துவிசையாக்கிக்கொள்ளும். நான்கு எஞ்சினுக்கும் சேர்த்து 32 பிளேடுகள், எஞ்சின் ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளும் சேர்ந்து, ஒரு புரொப்பெல்லர் விமானத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வரை கொண்டுபோயின. பிள்ளைகள் ஒவ்வொரு பிளேடாக விரல்விட்டு எண்ணினார்கள்.

இதையெல்லாம் புத்தகம் பார்த்தே சொல்லிவிடலாம். சோனோபாய் பற்றிச் சொன்னபோதுதான் நான் நின்றுபோனேன். விமானத்திலிருந்து கடலில் போடும் குழாய் அது. மிதந்தபடி ஒரு கம்பியில் ஒலிவாங்கியை ஆழத்துக்கு இறக்கும். கீழே கேட்பதை வானொலி வழியாக விமானத்துக்கு அனுப்பும். இவ்வளவும் சொன்னேன். ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், கடல்ல கப்பல் சத்தம், திமிங்கலச் சத்தம் எல்லாம் இருக்குமே. இதுதான் நீர்மூழ்கின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" சாலைக்கு அந்தப் பக்கம் குர்சுரா நீர்மூழ்கி நிற்கிறது, 1969 முதல் 2001 வரை கடலுக்கடியில் ஓடியது. அதைப் போன்ற ஒன்றைக் காதால் தேடிப் பிடிப்பது எப்படி என்பதை ஹெட்போன் மாட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

ராணுவ ரகசியம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். பத்து மணி நேரத்துக்கும் மேல் நீளும் பயணத்தில் என்ன சாப்பிட்டீர்கள், யார் எப்போது கண்ணயர்ந்தீர்கள்? வாலில் பீரங்கியருகே உட்கார்ந்தவருக்கு எப்படி இருந்தது?

தரையில் நின்று வேலை பார்த்தவர்களிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. 1988இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து இந்தியாவுக்கு விமானங்கள் வந்தன. 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. அதன்பிறகு உதிரிபாகங்களுக்கு என்ன செய்தீர்கள்? அரக்கோணத்து மே மாத வெயிலில் அந்த உலோக உடம்பின் மேல் ஏறி எப்படி வேலை பார்த்தீர்கள்? 29 ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 மணி நேரம் விபத்தில்லாமல் பறந்திருக்கிறது. விமானியின் திறமை மட்டும் இதற்குப் போதாது. ஒவ்வொரு முறையும் திருகைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களின் உழைப்பு அது. அவர்கள் பேசாவிட்டால் இந்த வரலாறு பாதிதான். என்னைக் கேட்டால், முதலில் பதிவாக வேண்டியது அவர்கள் குரல்தான்.

ராஜாளியில் இப்போது பி-8ஐ ஜெட் விமானங்கள் இதே வேலையைச் செய்கின்றன. டியூவோடு பழகிய கைகள் இனிப் புதிதாக உருவாகப் போவதில்லை.

உங்கள் தாய்மொழி எதுவோ அதிலேயே பேசுங்கள். பழைய பறப்புக் குறிப்பேடு, படங்கள் இருந்தால் வீட்டில் யாரிடமாவது காட்டி, படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பிரதிகளை அருங்காட்சியகத்துக்கும் கடற்படைக்கும் கொடுங்கள். அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் சொல்லியனுப்பினால், நானும் என் மாணவர்களும் வீட்டுக்கே வந்து பதிவு செய்து தட்டச்சு செய்து தருகிறோம். நீங்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே அது வேறு யார் கைக்கும் போகும்.

மரியாதையுடன்,
அரக்கோணத்து ஆசிரியை ஒருத்தி