மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடலின் தடுப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி போட்டால் சினைப்பைப் புற்று கரைந்துவிடும் என்ற பேச்சு சென்னை மருத்துவமனைகளின் காத்திருப்பு நாற்காலிகள் வரை வந்துவிட்டது. மீண்டும் தலைதூக்கிய சினைப்பைப் புற்றில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இந்த வகை ஊசியை மட்டும் கொடுத்துப் பார்த்த கீநோட்-100 ஆய்வில், நூற்றுக்கு 8 பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. அந்தச் சிலர் யார் என்பதுதான் கேள்வி.

அரிதான க்ளியர் செல் வகையையே எடுத்துக்கொள்வோம். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்வரித் திசு வெளியே வளர்வது) உள்ளவர்களிடம் கூடுதலாக வருவது, பிளாட்டினம் கீமோ மருந்துகளுக்கு எளிதில் மசியாதது. இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் கட்டியில் ஏஆர்ஐடி1ஏ மரபணு பழுதாகியிருக்கும். டிஎன்ஏ பிழைதிருத்தத்துக்கும் இந்த மரபணு கை கொடுப்பதால், பிழைகள் சேர்ந்து கட்டி தடுப்பாற்றல் படையான டி செல்களின் கண்ணில் படலாம். அதே கட்டி ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, தடுப்பாற்றலை மந்தமாக்கும் செல்களையும் வரவழைக்கிறது. எந்தக் கை ஓங்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஊசி செய்வது டி செல்லின் பூட்டை அவிழ்ப்பது மட்டுமே; கட்டிக்குள் டி செல்லே நுழையவில்லை என்றால் அவிழ்க்க என்ன இருக்கிறது?

இதைச் சொல்லவேண்டியது பாரஃபின் பிளாக், அதாவது கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்த கட்டை. கோளாறு பெரும்பாலும் அதற்கும் முன்னால், அறுவை அரங்கிலேயே தொடங்குகிறது. திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினுக்குப் போகவேண்டும். திரவம் திசுவைப்போல் பத்து மடங்கு. 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊறவேண்டும். பெரிய கட்டியைக் கீறாமல் சின்ன டப்பாவில் அமுக்கினால் ஓரம் மட்டும் பதப்படும், நடுப்பகுதி கெட்டுப்போகும். பிறகு எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு டிஎன்ஏ பிழைதிருத்தப் (எம்எம்ஆர்) புரதங்களுக்கும் சாயமேற்றும்போது கட்டி செல்லில் நிறமே ஏறாது. உடனே 'எம்எம்ஆர் குறைபாடு' என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்திலுள்ள லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளணுவின் உட்கருவிலும் நிறம் இல்லையென்றால் கெட்டது திசுதான். டி செல்லைப் பூட்டும் பிடி-எல்1 புரதத்தின் கணக்குக்கும் உயிருள்ள கட்டி செல்கள் குறைந்தது 100 வேண்டும்.

இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் ஃபிலிமையும் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள். பிளாக் பழைய லேபிலேயே கிடக்கிறது. எழுதிக் கேட்டு வாங்குங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். வெட்டி மாதக்கணக்கான ஸ்லைடுகளும் பிடி-எல்1 சோதனைக்கு நம்பகமானவை அல்ல.

உண்மையிலேயே எம்எம்ஆர் குறைபாடு என்றால் ஊசிக்கு நல்ல காரணம் இருக்கிறது: 3 வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், 30 நிமிட டிரிப். பரம்பரையாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோமா என்றும் பார்க்கவேண்டும். அது உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை தேவை. ஊசிக்குப் பின் வயிற்றுப்போக்கு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. அது தூண்டிவிடப்பட்ட டி செல்கள் குடலைத் தாக்குவதாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படும். ஊசி நின்று சில மாதம் கழித்தும் இது வரும்.

மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள்: பயாப்சி படிவத்தில் திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். இப்போது பல படிவங்களில் தேதி மட்டுமே இருக்கிறது.

– நோய்க்குறியியல் மருத்துவர்,
கீழ்ப்பாக்கம், சென்னை