முதலாம் தவணை நிறைவும் ஹோட்டன் சமவெளிப் பயணமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். முதலாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி சிறப்பாக நடந்தேறியது. தவணைப் பரீட்சைப் பெறுபேறுகளும் மகிழ்ச்சி தருகின்றன. உழைத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

தரம் 9 மாணவர்களின் ஹோட்டன் சமவெளிக் களப்பயணம் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பட்டிப்பொல வழியாகப் போவதற்கு விடியுமுன்பே புறப்பட்டோம். காலை ஒன்பது, பத்து மணியானால் உலக முடிவு (World's End) என்ற செங்குத்தான மலை விளிம்பைப் பனிமூட்டம் மூடிவிடும். அதற்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் 870 மீற்றர் அளவுக்குச் சரிந்து இறங்கும் அந்தப் பள்ளத்தைப் பிள்ளைகள் கண்ணால் காணலாம்.

ஆனால் நுழைவாயிலிலேயே நெடுநேரம் நின்றுவிட்டோம். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட பைகளிலோ லஞ்ச் சீட் (சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள்), சொப்பிங் பேக், பிஸ்கட் உறை. உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு பையாகத் திறந்து, பிஸ்கட்டைக் கடதாசியில் மாற்றி, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். உலக முடிவுக்குப் போனபோது எதிரே வெறும் வெள்ளை மூட்டம். ஆசையோடு வந்த பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், வாகனத் தரிப்பிடத்தில் மரை மான் ஒன்று மாணவி ஒருவரின் பைக்குள் மூக்கை விட்டு, சோதனையில் தப்பியிருந்த சொப்பிங் பேக்கை இழுத்தது. நல்ல வேளையாக அது விழுங்குமுன் எடுத்துவிட்டார்கள். சம்பல் ஒட்டிய பொலித்தீன் அதற்குச் சாப்பாடுதான். வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அடைத்துக்கொள்ளும். மரை தின்ன முடியாமல் மெலிந்து சாகும்.

மகாவலி, களனி, வளவை ஆறுகளின் ஊற்றுகள் அந்தப் புல்வெளியிலும் பாசி படர்ந்த குட்டை மரக்காட்டிலும்தான் இருக்கின்றன. 1988இல் தேசிய பூங்காவான இடம். 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமையானது. நம் வீட்டு வாசலில் இருக்கும் இந்தச் சொத்தை நம் பிள்ளைகளே அசுத்தப்படுத்தக் கூடாது.

அனுமதிப் படிவத்தில் பொலித்தீன் வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தோம். நீங்களும் கையொப்பமிட்டீர்கள். கையொப்பமிட்டுவிட்டு, ஒரு நாள்தானே என்று விட்டுவிடுவதை ஏற்க முடியாது. இனிமேல் பஸ் ஏறுமுன் பாடசாலையிலேயே பைகள் பார்க்கப்படும். பொலித்தீனில் சுற்றிய எதுவும் பஸ்ஸில் ஏறாது.

கொழுந்து பறிக்கப் போக வேண்டிய தாய்மார் பலர் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து ரொட்டி சுட்டுக் கொடுத்தீர்கள் என்பதை நான் அறிவேன். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. சிலர் ரொட்டியை வாழையிலையில் சுற்றி, சம்பலைச் சிறு டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பைகள் ஒரு நிமிடத்தில் சோதனையைத் தாண்டின. எல்லோரும் அப்படியே செய்தால் போதும். ரொட்டி மத்தியானம் வரை மெதுவாகவும் இருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

இரண்டாம் தவணையில் தரம் 8 மாணவர்கள் நுவரெலியா கல்வேஸ்லேண்ட் காட்டுப் பாதையிலும் கிரகரி வாவிக் கரையிலும் நடக்கவிருக்கிறார்கள். படிவம் விடுமுறைக்குப் பிறகு வரும். சப்பாத்தும் மழைக்கோட்டும் கட்டாயம் வேண்டும். வாழையிலை கிடைக்காத வீட்டார் வகுப்பாசிரியரிடம் சொன்னால், பாடசாலைத் தோட்டத்திலிருந்து வெட்டித் தருவோம்.

நன்றியுடன்,
அதிபர்