ஏழு கோப்பை, அழைப்பு மட்டும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கான பட்டியல் வந்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். பேரனுக்குக் கூடையில் போடுபவன்தான் ஆட்டக்காரன். தண்டையார்பேட்டையில் 22 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்த எனக்கோ, புள்ளிக் கணக்கில் தெரியாத வேலையும் செய்யும் ராபர்ட் ஹோரி மாதிரி ஆட்கள்தான் முக்கியம். மூன்று அணிகளோடு மொத்தம் 7 முறை சாம்பியன் ஆனவர். ஆல் ஸ்டாருக்கு ஒருமுறைகூட அழைக்கவில்லை. அதே மாதிரி இன்னொரு வீரர் மைக் கான்லி தன் 14ஆவது சீசனில், 2021இல்தான் உள்ளே போனார். அதுவும் தேர்வாகியிருந்த டெவின் புக்கருக்கு அடிபட்டதால் காலியான இடம்!

ரசிகர் ஓட்டுதான் கெடுக்கிறது என்பான் பேரன். சரி, ஆனால் 2017 முதல் தொடக்க ஐவரைத் தேர்வு செய்வதில் ரசிகர்களுக்குப் பாதி பங்குதான். மாற்று வீரர்கள் 7 பேரைச் சொல்வதே பயிற்சியாளர்கள். விவரம் தெரிந்தவர்கள் கண்ணிலும் இவர்கள் படவில்லையே.

எங்கள் பள்ளியில் காசிமேட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். விடியற்காலையில் அம்மாவுக்கு மீன் கூடை தூக்கிவிட்டு அப்படியே பயிற்சிக்கு வருவாள். எதிரணியின் பெரிய ஆட்டக்காரியை ஆட்டம் முழுக்க 4 புள்ளியில் நிறுத்தினாள். தேர்வாளர்கள் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தார்கள். அவள் பெயருக்கு நேரே 2தான். அணியில் எடுக்கவில்லை.

"நான் தடுத்ததை எங்க சார் எழுதுவாங்க?" என்று கேட்டாள். ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் செய்த ஃபவுலுக்குக் கட்டம் இருந்தது, தடுத்ததற்கு இல்லை.

- ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தண்டையார்பேட்டை, சென்னை-81