பக்கத்து வீட்டுக்காரரின் பழைய மனு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வியட்நாம் போர்க்காலத்தில் தாய்லாந்தின் உடோன் விமானத் தளத்தில் அமெரிக்க விமானப்படை மெக்கானிக்காக இருந்தவர். பின்னாளில் சர்க்கரை நோய், அடுத்து இதய அடைப்பு. அமெரிக்க அரசிடம் இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவைத் தள்ளிவிட்டார்கள். வியட்நாம் மண்ணில் பணியாற்றியவர் என்றால், போரில் காடுகளை அழிக்க அமெரிக்கப் படை தெளித்த நச்சுக் களைக்கொல்லியான ஏஜெண்ட் ஆரஞ்சு பட்டிருக்கும் என்று 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசே ஏற்றுக்கொள்ளும். தாய்லாந்தில் இருந்தவரோ, தளத்தின் வேலியோரம் வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எதிரி பதுங்காமல் இருக்க வேலியோரம் களைக்கொல்லி அடித்ததை விமானப்படையின் 1973 அறிக்கையே சொல்கிறது. காவல் நாயோடு சுற்றியவருக்கு அதை நிரூபிப்பது எளிது. விமானத்தைப் பழுதுபார்த்தவருக்கு எந்தக் காகிதம் சாட்சி சொல்லும்?

பணியின்போது நச்சுப் பொருள் பட்ட முன்னாள் படைவீரர்களுக்காக 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 1962 ஜனவரியிலிருந்து 1976 ஜூன் வரை தாய்லாந்தின் எந்த ராணுவத் தளத்தில் பணியாற்றியிருந்தாலும் போதும். ஏஜெண்ட் ஆரஞ்சால் வந்ததாக அரசு ஏற்கும் நோய்களின் பட்டியலில் இரத்தக் கொதிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பழைய நிராகரிப்பு தானாக மாறாது; துணை மனு போட்டுத்தான் திறக்க வேண்டும். பெரியவர் அசையவே இல்லை. "இல்லை என்று சொன்னவர்களிடம் மறுபடி போய் நிற்க மாட்டேன்" என்றார். அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கடைசியில் அவர் மனைவி பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே, மடிப்புகளில் கிழிந்த பணிமாற்ற உத்தரவு. தட்டச்சு மங்கியிருந்தாலும் 'உடோன்' தெளிவாக இருக்கிறது. கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: சட்டையில்லாமல் சிரிக்கும் இளைஞர், பின்னால் முள்வேலி, வேலியை ஒட்டி ஒரு புல்கூட இல்லாத வெற்றுத் தரை. சட்டத்துக்கு உத்தரவே போதும். ஆனாலும் படத்தையும், கூட வேலை செய்தவரின் வாக்குமூலத்தையும் சேர்த்தே அனுப்பினோம்.

விஷம் அடித்தது அரசு, கோப்புகள் இருப்பதும் அரசிடம். நிரூபிக்கும் பாரம் மட்டும் நோயாளியின் தலையில். இத்தனை வருடம் அப்படித்தான் நடந்தது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இவராவது மனுப் போடலாம். அந்த மருந்தைத் தங்கள் வயலிலும் ஆற்றிலும் வாங்கிக்கொண்ட வியட்நாம் மக்கள், தயாரித்த நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கை 2005இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

பெரியவரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்